சாரல் காலத்தில் கார் ஏன் கிளம்ப மறுக்கிறது?

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையை மோதி, பெரும்பாலான மழையைக் கேரளத்திலேயே கொட்டிவிடுகிறது. ஆனால் ஆரியங்காவுக் கணவாய் வழியே அக்காற்றில் ஒரு பகுதி இப்புறமும் நுழைகிறது. ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலம், இலஞ்சி, செங்கோட்டை, தென்காசி வட்டாரம் முழுவதையும் நனைக்கும் சாரல் இதன் கொடைதான். அருவிகளில் குளிக்க வருவோருக்கு அது ஆனந்தம். பழைய கார் வைத்திருப்போருக்கோ அதனுடன் ஒரு தொல்லையும் சேர்ந்தே வருகிறது. முதல் நாள் மாலை வரை நன்றாக ஓடிய வண்டி மறுநாள் காலையில் கிளம்புவதில்லை.

“குளிரில் பேட்டரி இறங்கிவிட்டது” என்று பலர் உடனே முடிவு கட்டுகிறார்கள். புதிய பேட்டரி வாங்கிப் பொருத்துகிறார்கள். அடுத்த சாரலில் வண்டி மீண்டும் அடம்பிடிக்கிறது. செலவான பணம் திரும்பி வருமா? நோய் ஒன்றிருக்க, மருந்து வேறொன்றுக்குக் கொடுத்த கதைதான் இது. அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற கார்புரேட்டர் வண்டிகளில் இந்த நோயை எவ்வாறு கண்டறிவது என்பதைக் காண்போம்.

குளிரா, ஈரமா?

குளிர் பேட்டரியைப் பாதிக்கும் என்பது உண்மையே. ஈய-அமில பேட்டரிக்குள் நிகழும் வேதிவினை குளிரில் மந்தமாகிறது. வெப்பநிலை 0 பாகை சென்டிகிரேடுக்கு இறங்கினால் என்ஜினைச் சுழற்றும் திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். என்ஜின் எண்ணெயும் கெட்டிப்படும். மார்கழியில் உறைபனி விழும் உதகையில் இது பொருந்தும். ஆனால் குற்றாலத்தில் சாரல் காலத்து இரவுகூட 20 பாகையை ஒட்டியே இருக்கும். நல்ல பேட்டரிக்கு அது ஒரு குளிரே அன்று.

அப்படியானால் குற்றவாளி ஈரம். 25 பாகையில் நீராவி நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் நீர் இருக்கிறது. அதே காற்று 20 பாகைக்குக் குளிர்ந்தால் சுமார் 17 கிராம் நீரைத்தான் அதனால் தாங்க முடியும். மீதி 6 கிராம் எங்கே போகும்? குளிர்ந்த உலோகத்தின் மீதும், கம்பிகளின் மீதும், மூடிகளின் உட்புறத்திலும் பனித்துளியாகப் படியும்.

தீப்பொறி பிறக்கும் வழி

பேட்டரி தருவது 12 வோல்ட்டு மின்னழுத்தம் மட்டுமே. என்ஜினுக்குள் அழுத்தப்பட்ட காற்றுக் கலவையில் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட, பத்தாயிரம் முதல் இருபதாயிரம் வோல்ட்டு வரை வேண்டியிருக்கும். பேட்டரியின் 12 வோல்ட்டை அவ்வளவு உயர்த்துவது காயில். 1831ஆம் ஆண்டில் பாரடே கண்டறிந்த மின்தூண்டல் தத்துவமே இங்கு வேலை செய்கிறது. காயிலின் முதற் சுருளில் ஓடும் மின்னோட்டத்தை ‘பாயிண்ட்’ சட்டென்று துண்டிக்கிறது. அந்தக் கணத்தில், மிகப் பல சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுருளில் உயர் மின்னழுத்தம் எழுகிறது. அதை எந்த சிலிண்டருக்கு அனுப்புவது என்று பங்கிட்டுக் கொடுப்பது டிஸ்ட்ரிபியூட்டர்.

நான்கு சிலிண்டர் கொண்ட என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது, ஒரு நொடிக்கு 100 தீப்பொறிகள் வேண்டும். ஒவ்வொன்றும் சரியான நேரத்தில், சரியான இடத்தில் பிறக்க வேண்டும்!

ஈரம் செய்யும் களவு

இவ்வளவு உயர்ந்த மின்னழுத்தம் எப்போதும் எளிய வழியைத் தேடும். தூய நீர் மின்சாரத்தை அதிகம் கடத்தாது. ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் தூசியும், எண்ணெய்ப் பிசுக்கும், கரியும் படிந்திருக்கும். அவற்றின் மேல் பனித்துளி படிந்தால் மின்சாரம் கசிவதற்கு ஒரு பாதை கிடைத்துவிடுகிறது. பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் அந்தப் பாதையில் இறங்கி, என்ஜினின் இரும்பு உடலில் கலந்துவிடுகிறது.

மூடி இறுகத்தானே மூடியிருக்கிறது, உள்ளே ஈரம் எப்படிப் புகும் என்று கேட்பீர்கள். ஓடி நின்ற என்ஜின் சூடாக இருக்கும்போது மூடிக்குள் உள்ள காற்று விரிந்து வெளியேறுகிறது. என்ஜின் ஆறும்போது வெளியே உள்ள ஈரக்காற்றை மூடி உள்ளே இழுக்கிறது. வண்டி இவ்வாறு மூச்சு விடுகிறது! இரவில் அந்த ஈரம் உள்ளேயே நீராகிறது. சாலையில் தேங்கிய நீரைக் கடக்கும்போது விசிறி வாரி இறைக்கும் துளிகளும் இதற்குத் துணை செய்கின்றன.

டீசல் வண்டியில் தீப்பொறிக்கே வேலையில்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. ஆகவே அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

பெட்ரோலின் பக்கம்

திரவ பெட்ரோல் எரிவதில்லை. அதன் ஆவிதான் எரிகிறது. ஆறிய என்ஜினில் பெட்ரோல் குறைவாகவே ஆவியாகும். அதனால்தான் சோக்கை இழுத்து, காற்றைக் குறைத்து, பெட்ரோலின் பங்கைக் கூட்டுகிறோம். சோக்கின் கம்பி துருவேறிச் சிக்கிக்கொண்டால் காலையில் என்ஜின் கிளம்பாது.

பெட்ரோலில் நீர் கலப்பது மற்றொரு கோளாறு. தொட்டியில் 40 லிட்டர் இடம் காலியாக இருப்பதாகக் கொள்வோம். மேலே கண்ட கணக்கின்படி ஓர் இரவில் அங்கே படியும் நீர் கால் கிராம் அளவே. அது அற்பம்தான். ஆயினும் நீர் பெட்ரோலைவிடக் கனமானது. அடியில் தங்கி நாளுக்கு நாள் சேரும். சரியாக மூடாத மூடி வழியே மழைநீர் புகுந்தால் சொல்லவே வேண்டாம். இன்று நாம் வாங்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 2025இல் நம் நாட்டில் அதன் அளவு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. நீர் அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்கள் எத்தனாலால் உப்பவும் இளகவும் கூடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மூன்று கேள்விகள்

வண்டி கிளம்பாதபோது மனம்போனபடி உறுப்புகளை மாற்றாதீர்கள். வரிசையாக மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அனுபவமுள்ள பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டே இச்சோதனைகளைச் செய்ய வேண்டும்.

ஒன்று: செல்ப் வேகமாகச் சுற்றுகிறதா? முகப்பு விளக்கை எரியவிட்டு செல்ப்பை அழுத்துங்கள். விளக்கு அணையும் அளவுக்கு மங்கினால் கோளாறு பேட்டரியிலோ, வெண்பச்சைத் தூள் படிந்த அதன் முனைகளிலோ இருக்கலாம். முதலில் முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து இறுக்குங்கள். ஓய்ந்திருக்கும் பேட்டரி சுமார் 12.6 வோல்ட்டு காட்டினால் அது நிறைந்திருக்கிறது. செல்ப் வழக்கம்போல் வேகமாகச் சுற்றுகிறதென்றால் பேட்டரி நிரபராதி, அதை விட்டுவிடுங்கள்.

இரண்டு: பிளக் நனைந்திருக்கிறதா? சில முறை செல்ப் அடித்தபின் ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதன் முனை பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. தீப்பொறிதான் இல்லை, அல்லது சோக்கை அதிகம் இழுத்துவிட்டீர்கள். முனை உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. இந்த ஒரு சாட்சியம் பாதி வழக்கை முடித்துவிடும்.

மூன்று: தடை எங்கே? தீப்பொறி இல்லையென்றால் காயில், கம்பிகள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறம், ரோட்டார் ஆகியவற்றை உலர்ந்த துணியால் துடையுங்கள். பெரும்பாலும் வண்டி இதற்கே கிளம்பிவிடும். கிளம்பாவிட்டால் மூடியைக் கூர்ந்து பாருங்கள். தலைமுடி போன்ற கரிக்கோடு தெரிந்தால் மின்சாரம் அங்கே நிரந்தரப் பாதை போட்டுவிட்டது. துடைத்துப் பயனில்லை, மூடியை மாற்ற வேண்டும். பாயிண்ட் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர் இருக்கிறதா, அதன் முகங்கள் சுத்தமாக உள்ளனவா என்றும் பாருங்கள். பின்னர் வண்டி கிளம்பியதும், இருட்டில் பானட்டைத் திறந்து, எதையும் தொடாமல் கவனியுங்கள். கம்பிகளின் மேல் நீல ஒளி நெளிந்தால் கசிவு அங்கேதான்.

பெட்ரோல் வரவில்லையென்றால் சோக்கையும் வடிகட்டியையும் பாருங்கள். காயிலுக்கு வரும் கம்பியைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் குழாயை ஒரு கண்ணாடிக் குப்பியில் விட்டு செல்ப் அடித்துப் பாருங்கள். எதுவும் வராவிட்டால் பம்பிலோ குழாயிலோ அடைப்பு உண்டு. குப்பியின் அடியில் தனியே ஒரு படலம் தங்கினால் அது நீர்.

செய்யக் கூடாதவை

கார்புரேட்டரின் வாயில் கையால் பெட்ரோல் ஊற்றிக் கிளப்புவதைச் சிலர் சாமர்த்தியம் என்று எண்ணுகிறார்கள். என்ஜின் ‘பின்னடி’ அடித்தால் தீ முகத்தில் பாயும். ஈரமான மூடியைத் தீக்குச்சி கொளுத்திக் காய வைப்பதும் அதற்குச் சமமான ஆபத்தே. செல்ப்பை ஒரு முறைக்குப் பத்து நொடிக்கு மேல் அழுத்தாதீர்கள். இடையில் அரை நிமிடமாவது பொறுங்கள். இல்லாவிட்டால் நிரபராதியான பேட்டரியும் உண்மையிலேயே இறங்கிவிடும்.

சாரல் தொடங்குமுன் வைகாசியிலேயே மூடியையும் கம்பிகளையும் சுத்தம் செய்து, வெடித்தவற்றை மாற்றி வையுங்கள். பிசுக்கு இல்லாத மூடியில் ஈரம் படிந்தாலும் மின்சாரத்துக்குக் களவு வழி எளிதில் கிடைக்காது. ஒரு பழைய துணியும் சிறிது நேரப் பொறுமையும் மிச்சப்படுத்துவது ஒரு புதிய பேட்டரியின் விலையை!