மாவு கரைத்த கை

மார்கழி வந்தால் ஓசூரில் இட்லி மாவு பொங்காது. ராத்திரி கரைத்து வைத்தது விடிந்தாலும் அப்படியே கிடக்கும். எங்கள் வீட்டில் மாவு கரைப்பது அத்தை. அவருக்குக் கைராசி என்று தெருவே சொல்லும். பொங்காத நாளிலும் முதலில் வரும் கேள்வி, "இன்னிக்கு யாரு கரைச்சது?" குளிரைக் கூப்பிட்டு நிறுத்தி விசாரிக்க முடியாதே, அத்தை பக்கத்திலேயே நிற்கிறார்.

சூனியக்காரர் என்று ஆள் பிடித்த கதையும் ஏறக்குறைய இப்படித்தான்.

1692-ல் சேலத்தில் (நம் கிருஷ்ணகிரி தாண்டி வரும் சேலம் இல்லை, அமெரிக்காவில் உள்ளது) சிறுமிகளுக்கு இனம்புரியாத வலிப்பு. சூனியம் வைத்தது யார் என்று அறிய, பக்கத்து வீட்டுப் பெண் ஒரு வழி சொன்னார்: கம்புமாதிரி ஒரு தானியமான ரை மாவில் அந்தச் சிறுமிகளின் சிறுநீரைக் கலந்து அடை சுட்டு நாய்க்குப் போடுவது. அடை தயாரானதில் அடிமைப் பெண் டிட்டூபாவின் கையும் இருந்தது. சில நாளில் முதலில் குற்றம் சாட்டப்பட்ட மூன்று பேரில் அவரும் ஒருவர். அவர் சிறையோடு தப்பினார். 19 பேரைத் தூக்கிலிட்டார்கள்.

நம் நீலகிரியில் அன்று அடை சுடும் வேலைகூட இல்லை. அங்கே பயிர்செய்யும் படகர் சமூகத்தாரின் நிலத்தில் முதல் உழவையும் முதல் விதைப்பையும் பழங்குடியான குறும்பர் ஒருவர் தொடங்கிவைக்க வேண்டியிருந்தது. மூலிகையும் மந்திரமும் தெரிந்தவர்கள் என்பதால் அந்த மரியாதை. ஊரில் நோய் வந்து வரிசையாகச் சாவு விழுந்தால், தேட வேண்டிய ஆளும் அவரேதான். விதையை முளைக்க வைக்கிற கைக்கு உயிரை எடுக்கவும் தெரியாதா என்ற கணக்கு. வேறு சாட்சி எதற்கு, அந்தப் பேரே போதும்.

1835-ல் 48 குறும்பர்கள் கொல்லப்பட்டார்கள். 1875, 1882-லும் கொலைகள். 1900-ல் ஒரு குறும்பர் குடும்பத்தையே முடித்தார்கள். குடும்பத் தலைவர் வைத்தியத்துக்குப் பேர்போனவர். ஒரு படகர் ஊருக்கு அவர்தான் நோயைக் கொண்டுவந்தார் என்று சந்தேகம். அதே மலையின் இன்னொரு பழங்குடியான தோடர்கள் சிலருக்கும் இதில் பங்கு. வட்டாரமே கொன்றவர்கள் பக்கம் நின்றதால் துப்புத் துலக்குவதே பெரும்பாடாகி, பிடிபட்டவர்கள் விடுதலையானதை 1908-ல் வெளியான நீலகிரி கெஜட்டியரில் பிரான்சிஸ் என்ற அதிகாரி எழுதியிருக்கிறார்.

சிப்காட் ஆலைகளுக்கு வேலைக்கு வருகிற ஜார்க்கண்ட், பீகார் பையன்களின் ஊர்ப்பக்கம் சூனியம் வைத்தவரைக் கண்டுபிடிக்கவென்றே ஓஜா என்ற மந்திரவாதி உண்டு. சால் மர இலையில் எண்ணெய் தடவி உற்றுப் பார்ப்பார். ஒரு பெண்ணின் பெயர் வரும். பெரும்பாலும் விதவை, அவள் பெயரில் கொஞ்சம் நிலம். எண்ணெய்க்கு அது எப்படித்தான் தெரிகிறதோ! பீகார் 1999-லேயே இதற்குச் சட்டம் போட்டது. ஜார்க்கண்டும் அதையே எடுத்துக்கொண்டது. ஒருத்தியை 'டாயன்', அதாவது சூனியக்காரி, என்று அடையாளம் காட்டினால் மூன்று மாதம்வரை சிறை, இல்லையென்றால் 1,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். இங்கே ஒரு சிப்பம் இட்லி அரிசிக்கே அந்த அபராதத் தொகை போதாது.