மின்னழுத்தம் பாடும் கருவி

1964-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக், இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சின் துணையுடன் மின்னணு இசைக்கருவி ஒன்றை உருவாக்கினார். பல பகுதிகள் சேர்ந்த சிந்தசைசர் அது. ஒரு பகுதி ஒலியலையை எழுப்பும், மற்றொன்று வடிகட்டும், பிறிதொன்று ஒலியின் வலிமையை மாற்றும். அவற்றைக் கம்பிகளால் விரும்பியவாறு இணைக்கலாம். ஆணையிடுவது மின்னழுத்தம். ஒரு வோல்ட் உயர்ந்தால் அதிர்வெண் இருமடங்காகும். ஸட்ஜமம் மேல் ஸட்ஜமமாகும். டிரான்சிஸ்டர் சூடேறினாலோ சுருதி பிறழும். ஆகவே, பழைய சுற்றுப்படங்களைப் பின்பற்றி இன்று இக்கருவியைச் செய்வோர், குணம் ஒத்த இரு டிரான்சிஸ்டர்களை ஒட்டிவைத்து அப்பிழையைக் குறைக்கின்றனர். ஆசிரியனாயிருந்த நான் இம்முயற்சியைப் போற்றுவது ஏன்? ஏட்டில் கற்ற விதியை அவர்கள் செவியால் சோதிக்கின்றனர். பிழையைத் தாமே கேட்டுத் திருத்துவோர்க்கு அறிவியல் மனப்பாடமன்று, சொந்த உடைமை.