குருத்தோலை மடிக்கும் விரல்கள்

தவக்காலத்தின் இறுதி நாள்களில், கமுதி வட்டாரத்துப் பனைகளிலிருந்து வெட்டப்பட்ட குருத்தோலைகள் கட்டுக்கட்டாக ஆலயங்களுக்கு வந்து சேருகின்றன. குருத்தோலை ஞாயிறன்று திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியிலேயே சிறுவர் சிறுமியர் கைகளில் அந்த ஓலை உருமாறத் தொடங்கிவிடுகின்றது. ஒரு கீற்று சிலுவையாகும், மற்றொன்று கிளியாகும், இன்னொன்று விரலில் மோதிரமாகும். (மந்திரித்த ஓலையில் கிளி செய்யலாமா என்று நம்மிடம் கேட்கும் பாட்டிமார் உண்டு. மந்திரித்தது சிலுவைக்கு, மிஞ்சியது கிளிக்கு என்று வைத்துக்கொண்டால் வீட்டில் சச்சரவு இராது.)

ஐந்து வயதுக் குழந்தை ஒன்று ஓலைச் சிலுவை மடிப்பதைச் சற்று உற்று நோக்குவோம். கீற்றை எங்கே வளைத்தால் குறுக்குச் சட்டத்துக்கு ஓலை மிஞ்சும் என்று முதலில் கண்ணால் அளக்கின்றது. பிறகு வளைத்து, திருப்பி, சதுரமாய்ச் சுற்றி, நுனியைச் செருகி இழுக்கின்றது. இழுப்பு மிகுந்தால் ஓலை கிழியும்; குறைந்தால் முடிச்சு நெகிழும். அளவும் கோணமும் வரிசைமுறையும் பொறுமையும் அந்தச் சில மணித்துளிகளில் விரல்கள் வழியாகவே உள்ளே செல்கின்றன. அவ்வேளையில் அடுக்களையிலிருந்து, "விளையாடினது போதும், போய் எழுது" என்று ஒரு குரல் எழுகின்றது. அந்தக் குரலைக் குறித்தே இங்கே சிறிது பேச விரும்புகின்றோம்.

அது அன்பிலிருந்து எழும் குரல் என்பதில் நமக்கு ஐயமில்லை. வானம் பார்த்த பூமியில் மிளகாயையும் பருத்தியையும் நம்பிப் பிழைக்கும் பெற்றோர், தம் பிள்ளையேனும் படித்து முன்னேற வேண்டுமென்று ஏங்குவது இயல்பே. ஆயினும், படிப்பு என்பது நோட்டுப் புத்தகத்துக்குள் மட்டுமே நிகழ்வது என்ற எண்ணம் எப்படியோ நம் இல்லங்களில் வேரூன்றிவிட்டது. மணலில் விரலால் எழுதி எழுத்துப் பழகிய திண்ணைப் பள்ளிக்கூடங்களின் வழிவந்தவர்கள் நாம் என்பதை மறந்துவிட்டோம்.

மரியா மாண்டிசோரி அம்மையாரின் பெயரை நகரத்துப் பள்ளிகளின் விளம்பரப் பலகைகளில் பலரும் கண்டிருப்பீர்கள். இத்தாலி நாட்டு மருத்துவரான அவர், 1907 ஜனவரி 6 அன்று உரோமையில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது செல்வர் வாழும் தெருவில் அன்று. கூலி வேலைக்குச் செல்வோர் நெருக்கியடித்து வாழ்ந்த ஓர் ஏழைக் குடியிருப்பில்தான். அங்கே குழந்தைகள் நீர் ஊற்றினர், மேசை துடைத்தனர், பொத்தான் மாட்டப் பழகினர். கை பழகிய பின் எழுத்து எளிதில் வந்தது. 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்த அம்மையார், உலகப்போரின் காரணமாக இங்கேயே தங்க நேர்ந்தது. அவ்வாண்டுகளில் ஒரு பகுதியை நமக்கு அருகிலுள்ள கொடைக்கானலிலேயே கழித்தார். இன்று அவர் பெயரால் பெருந்தொகை கட்டணமாகப் பெறப்படுகின்றது. அவர் குழந்தைகளுக்குத் தந்த வேலைகளோ நம் அடுக்களைகளில் நாள்தோறும் காசில்லாமல் கிடைக்கின்றன.

வேர்க்கடலை உரிப்பதையும், முருங்கைக் கீரை ஆய்வதையும், அரிசியில் கல் பொறுக்குவதையும் எண்ணிப் பாருங்கள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து ஒரு சிறு பொருளைப் பற்றும் அந்தப் பழக்கமே பின்னர் பென்சிலைப் பற்ற உதவுகின்றது. மிளகாய்க் காம்பு கிள்ளும் வேலையை மட்டும் சிறு குழந்தைகளிடம் கொடுக்க வேண்டா. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் இராமநாதபுரம் முண்டு மிளகாய், கண்ணைத் தேய்க்கும் பிஞ்சுக் கை என்று பார்த்துக் காரத்தைக் குறைத்துக்கொள்வதில்லை.

கணக்கிலும் இதே நிலைதான். மூன்றாம் வகுப்பில் பின்னத்தைக் கண்டு மருளும் பிள்ளையின் வீட்டுப் பரணில் பழைய படியும் உழக்கும் கிடக்கக்கூடும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. பிள்ளையைத் தரையில் அமர்த்தி, ஆழாக்கால் அரிசி அளந்து படியை நிரப்பச் சொல்லுங்கள். எட்டு முறை அளந்த கைக்கு, எட்டில் ஒன்று என்றால் என்னவென்று வேறு எவரும் விளக்க வேண்டியதில்லை. புளியங்கொட்டை கொண்டு பல்லாங்குழி ஆடும் சிறுமி, குழிக்கு ஐந்தாகப் பதினான்கு குழிகளை நிரப்பும்போதே எழுபதைத் தொட்டுவிடுகின்றாள். நுங்குக் கூந்தலில் வண்டி கட்டி ஓட்டும் சிறுவன் சக்கரத்தையும் அச்சையும் அறிகின்றான். ஓலைக் காற்றாடியைக் கருவேல முள்ளில் செருகிக்கொண்டு ஓடுபவன், இதழை எந்தப் பக்கம் சாய்த்தால் அது சுழலும் என்பதைத் தானே கண்டுபிடிக்கின்றான்.

அவ்வாறாயின் பள்ளிக்கூடம் எதற்கு என்று எவரேனும் கேட்கலாம். இக்கேள்விக்கு விடை தரும் ஒரு காலத்தை நாம் அனைவரும் கண்டோம். பெருந்தொற்றின் காரணமாக 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. 2020-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப்பட்ட குழந்தை, வகுப்பறைக்குள் முதன்முதலாகக் கால் வைத்தபோது இரண்டாம் வகுப்பு மாணவனாகிவிட்டிருந்தது. தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைக் கொண்டு பொருளியல் அறிஞர்கள் அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் நடத்திய ஆய்வு, அந்த இடைவெளியில் கல்வி இழப்பு மிகப் பெரிதாக இருந்ததையும், அது மொழிப்பாடத்தைவிடக் கணக்கில் கூடுதலாக இருந்ததையும் காட்டிற்று. வீடு மட்டுமே போதும் என்போர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

அதே ஆய்வு வேறொன்றையும் கண்டது. பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் அந்த இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு ஈடுசெய்யப்பட்டது; அவ்வாறு மீண்டதில் ஏறத்தாழ கால் பங்கு 'இல்லம் தேடிக் கல்வி'யால் விளைந்தது. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தமிழக அரசு தொடங்கி வைத்த திட்டம் அது. மாலையில் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம், தெருவிலும் திண்ணையிலும் மரத்தடியிலும் இருபது பிள்ளைகளைச் சுற்றி அமர்த்திக்கொண்டு, பாட்டும் கதையும் கைவேலையுமாகச் சொல்லிக் கொடுத்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். வானளாவிய வித்தை எதுவும் அதில் இல்லை. பிள்ளையின் அருகில் பெரியவர் ஒருவர் நாள்தோறும் அமர்ந்தார், அவ்வளவுதான். நம் வீடுகளில் குறைந்துபோயிருப்பதும் அதுவே என்பது நம் கருத்து. ஓலையும் படியும் பல்லாங்குழியும் வீட்டிலேயே கிடக்கின்றன. உடன் அமர ஆள் இல்லை. கைப்பேசி அந்த இடத்தில் அமர்ந்துகொண்டது.

பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்கள் பெருநகரங்களில் உள்ளன. அவர்தம் பிள்ளைகள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவதும் உண்டு. படித்த தாயோ தந்தையோ நாள் முழுதும் வீட்டில் இருக்கக்கூடிய இல்லங்களுக்கு அது ஒருவேளை பொருந்தலாம். களையெடுக்கவும் நூறு நாள் வேலைக்கும் செல்லும் தாய்மாருக்கு அதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கற்பித்தது, பள்ளியின் கதவைச் சாத்துவதற்காகச் சொல்லப்பட்டதன்று.

கைவேலையைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகின்றது. 1953-இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி, கிராமத்துப் பிள்ளைகள் நாளில் மூன்று மணி நேரம் பள்ளியில் பயின்று, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வி என்று அதற்குப் பெயர் ஏற்பட்டு, நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது. மறு ஆண்டு காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. கைத்தொழிலின் மேல் எவருக்கும் பகை இல்லை. பனையேறியின் மகன் பனையேறியாகவே முடிய வேண்டுமோ என்ற அச்சமே மக்களைக் கொதிக்கச் செய்தது. அந்த அச்சம் நியாயமானது. சாயல்குடிப் பக்கம் பதநீர்க் காலத்தில் குடும்பமே பனங்காட்டு விடிலிக்குக் குடிபெயரும்போது பள்ளியை விட்டு நிற்கும் சிறுவனைப் பார்த்து, 'கைவேலை கற்கிறான்' என்று நாம் மகிழ்ந்துவிட முடியாது. பதினான்கு வயதுக்குட்பட்டோரை எவ்வேலையிலும் அமர்த்தக்கூடாது என்பது 2016-இல் திருத்தப்பட்ட சட்டம். பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் அபாயமற்ற குடும்பத் தொழிலில் உதவுவதை அது அனுமதிக்கின்றது. பத்து வயதுச் சிறுமி அப்பத்தாவின் மடியருகே ஒரு கொட்டான் முடைந்து பழகினால் அது கல்வி. கடைக்காரரின் கணக்குக்காக நாளுக்கு இத்தனை என்று முடைந்தால் அது கூலி. ஓலை ஒன்றுதான், வீட்டார்க்கு வேறுபாடு தெரியும்.

இனி, செய்ய விழையும் பெற்றோருக்குச் சில சொற்கள். இரவு உணவுக்கு முன் அரை மணி போதும். தந்தையரும் அமர வேண்டும். இது தாய்மாரின் தலையில் ஏற்றும் இன்னொரு சுமையாகிவிடக் கூடாது. ஓலையை முன்கூட்டியே நீரில் நனைத்து வையுங்கள். காய்ந்த ஓலை முறியும். அதன் ஓரம் விரலை அறுக்கும். ஈர்க்கு கிழிக்கும் கத்தி பெரியவர் கையில் இருக்கட்டும். பிள்ளை மடித்த சிலுவை கோணலாக இருந்தால், அதைப் பிரித்து நேராக்கித் தர வேண்டா. தானே பார்த்து, தானே பிரித்து, மறுபடி மடிக்கட்டும். ஏன், எதற்கு என்று அது கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டே வேலை செய்யுங்கள். வாய் பேசாத கைவேலையால் மொழி வளராது.

கிறிஸ்து பிறப்புக் குடிலுக்குக் கடையில் வாங்கிய சுரூபங்களை வைப்போர், ஆட்டையும் மாட்டையுமாவது பிள்ளைகளைச் செய்யச் சொல்லலாம். கண்மாய்க் கரைக் களிமண்ணில் சிறிது மணலும் நறுக்கிய வைக்கோலும் சேர்த்துப் பிசைந்தால் உருவம் அவ்வளவாக வெடிக்காது. வெயிலில் வைக்காமல், நிழலில் நான்கைந்து நாள் உலர விடுங்கள். மாட்டின் கால் எப்படியும் ஒன்று ஒடியும். அதே மண்ணை நீரில் குழைத்து, ஒடிந்த இரு முனைகளையும் ஈரமாக்கித் தடவி ஒட்டி, ஓர் ஈர்க்குத் துண்டை முட்டுக் கொடுத்து இரவு முழுவதும் அசைக்காமல் வைத்தால் மறுநாள் நின்றுகொள்ளும்.