குளத்தோர மனை: மலிவு எங்கிருந்து வருகிறது?

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் வள்ளியூர், நாங்குநேரி, ராதாபுரம் வட்டாரத்துக்காரர்கள் பலருக்கு, சேமிப்பு என்றாலே ஊரில் ஒரு மனைதான். தரகர் அனுப்பும் வீடியோவில் குளம் நிறைந்து கிடக்கிறது, பின்னால் மகேந்திரகிரி தெரிகிறது, நான்குவழிச் சாலையும் பக்கம். சென்ட் விலையோ ஊருக்குள் கேட்பதைவிடக் குறைவு. அந்தக் குளத்தை அன்றாடம் பார்க்கிற உள்ளூர்க்காரர் ஏன் அதை வாங்காமல் விட்டார் என்று துபாயில் இருப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டும். குளத்தோரத்தில் கிடைக்கும் மலிவு பெரும்பாலும் தண்ணீர் வைத்த விலை. எந்தத் தண்ணீர், எந்தப் பக்கத்துத் தண்ணீர் என்று தெரிந்தால்தான் அது லாபமா நஷ்டமா என்று சொல்ல முடியும்.

வெளிநாட்டு ஏரிக்கரை வீடுகளின் படங்களைப் பார்த்துவிட்டு நம் குளத்தை மதிப்பிடுவதில்தான் முதல் பிசகு நேர்கிறது. நம் குளம் மனிதர் கட்டியது. பொதுவாகப் பள்ளமான பக்கத்தில்தான் கரை இருக்கும், எதிர்ப்பக்கம் சரிவாகத் திறந்தே கிடக்கும். மழைக்காலத்தில் தண்ணீர் அந்தச் சரிவில் ஏறும், கோடையில் இறங்கிவிடும். கொடுமுடியாறு, நம்பியாறு, அனுமன்நதி என்று மலையிலிருந்து வரும் தண்ணீரையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பியிருக்கும் குளங்கள் இவை. மழை பொய்த்த வருஷங்களில் உள்வாய் எனப்படும் அந்தச் சரிவு முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிவிடும். முள்ளை வெட்டி, சரள் அடித்து, நான்கு மூலைக்கும் கல் ஊன்றினால் உள்வாயும் மனைபோலத்தான் தெரியும். நிறைந்த குளத்தின் உபரிநீர் வழியும் மறுகால் தடமும் அப்படித்தான். வறண்ட காலத்தில் அது அகலமான வண்டிப்பாதை. குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்துபோனால், அங்கே கால்வாய் இருந்ததாகவே தெரியாது.

“பத்து வருஷமாகக் குளம் நிறையவில்லையே” என்பது தரகரின் முதல் பதில். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை அதற்கு மறுபதில் சொல்லிவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது; நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் குளங்கள் உடைந்தன, தண்ணீர் தன் பழைய தடத்தில் ஓடியது. அப்படி ஒரு மழை அபூர்வம்தான். ஆனால் வீடு கட்டுகிறவர் பிள்ளைகள் காலத்தையும் சேர்த்துத்தான் கட்டுகிறார். அவ்வளவு காலத்தில் அபூர்வமும் ஒருமுறை வந்துவிடும். தாமிரபரணி – கருமேனியாறு – நம்பியாறு இணைப்புக் கால்வாயையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெள்ளக்காலத்தில் கடலுக்குப் போகும் தாமிரபரணி உபரிநீரை நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளை பக்கம் திருப்புவதற்கென்றே வெட்டப்பட்ட கால்வாய் அது. நீண்டகாலம் காய்ந்து கிடந்த குளங்களை நிரப்பத்தான் அந்தத் திட்டம். ஆகவே, நேற்று வரை நிறையாத குளம் நாளையும் நிறையாது என்று சொல்ல ஆதாரம் இல்லை.

“பட்டா இருக்கிறது, பத்திரம் பதிவாகிறது” என்பது இன்னும் வலுவான வாதம். திருநெல்வேலி புதிய பேருந்து நிலையமே வேய்ந்தான்குளத்தில்தானே இருக்கிறது என்றும் கேட்பார்கள். அரசு செய்த தவறு தனியாருக்குப் பாதுகாப்பு ஆகாது. பொதுநிலத்தில் நெடுங்கால அனுபோகமும், செலவழித்துக் கட்டிய வீடும் உரிமை தராது என்று 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஏரி, குளங்களைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007 முதலே தனிச் சட்டம் இருக்கிறது. அங்கீகாரம் இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் வந்த விதிகளும் நீர்நிலையில் அமைந்த மனைகளை ஏற்கவில்லை. வெளிநாட்டிலும் இதே சிக்கல் உண்டு. கனடாவின் ஒன்டாரியோ ஏரிகள் பலவற்றில் நீரை ஒட்டிய 66 அடி பட்டை ஆதியில் பொதுவழிக்கென ஒதுக்கப்பட்டது. வீடு வாங்கியவருக்கு அந்த விளிம்பு சொந்தமா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பார்க்கும் வழி வெளிநாட்டில் இருப்பவருக்கும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் வருவாய்த்துறை இணையத்திலேயே எடுக்கலாம். தரகர் தரும் சர்வே எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. சுற்றியுள்ள எண்களையும் அ-பதிவேட்டில் தேட வேண்டும். ஒருபக்கத்து எண் குளம் புறம்போக்கு, மறுபக்கத்து எண் வாய்க்கால் புறம்போக்கு என்று வந்தால், நடுவில் இந்த ஒரு எண் மட்டும் எப்படிப் புஞ்சையானது என்று கேட்க வேண்டும். விடை, நில ஆவணங்களைப் புதுப்பித்த 1980-களின் யுடிஆர் கணக்குக்கு முந்தைய பழைய பதிவேட்டில் இருக்கும். அதை வட்டாட்சியர் அலுவலகத்தில் ஆள்வைத்தாவது எடுத்துப் பார்ப்பது அவசியம்.

மடைக்குக் கீழே இருக்கும் நிலத்தில் வேறொரு தடை உண்டு. அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இங்கே வீடும் வீட்டுமனையும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணைவீடு வாங்க முடியாது. பூர்வீகமாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். குளத்துப் பாசன நஞ்சையைத் தன் பெயரில் கிரயம் முடிப்பது ஆரம்பத்திலேயே சட்டமீறல். அப்பா பெயரில் எழுதிக்கொள்ளலாம் என்று யோசனை சொல்வார்கள். அப்படி எழுதினால் நிலம் அப்பாவுடையது. அவர் உயில் எழுதாமல் காலமானால், பணம் அனுப்பியவர் அண்ணன், தம்பி, அக்கா, தங்கைகளோடு தானும் ஒரு பங்குதாரராக நிற்பார்.

இவ்வளவையும் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது, மறுகால் தடத்துக்கு விலகி, கரைக்குக் கீழ்ப்புறம் மேடாக அமைந்த அங்கீகரிக்கப்பட்ட வீட்டுமனை. அங்கிருந்து குளம் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். விலையும் சற்றுக் கூடுதலாக இருக்கும். ஆனால் குளத்தில் நிற்கும் தண்ணீர் கரைக்குக் கீழே கசிந்துதான் கிணறுகளுக்கு ஊற்றாகிறது. மலையின் மழைமறைவில் கிடக்கும் இந்த வறண்ட வட்டாரத்தில், பார்க்கக் கிடைக்கும் தண்ணீரைவிட இறைக்கக் கிடைக்கும் தண்ணீருக்குத்தான் பணம் கொடுக்கலாம். வாங்குமுன், ஊரில் இருப்பவரைப் பக்கத்துக் கிணற்றுக்காரரிடம், சித்திரை மாதத்தில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள்.