எந்தப் பெட்டியில் எதை வைக்கலாம்?

பெரும்போக வெட்டு முடிந்து நெல் வீட்டுக்கு வந்துவிட்டால் கிளிநொச்சியின் அக்கராயனில் குசினிகள் நிறைந்துவிடும். அரிசி, வறுத்த மா, உழுந்து, பயறு, கச்சான், மிளகாய்த்தூள், மோர்மிளகாய், கருவாடு என்று எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். முன்பு ரின்னும் சாடியும் கடகமும் செய்த வேலையைப் பெரும்பாலும் இப்போது பிளாஸ்ரிக் பெட்டிகளும் வாளிகளும் செய்கின்றன. வாங்க மலிவு, விழுந்தால் உடையாது, துருப்பிடிக்காது. ஆனால் பிளாஸ்ரிக் என்பது ஒரே பொருள் அல்ல. எதில் எதை வைக்கலாம், எதில் வைக்கவே கூடாது என்று பிரித்தறியக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் போதும்.

எந்த வகைப் பிளாஸ்ரிக் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெட்டியைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். சிறிய முக்கோணம் ஒன்றும் அதற்குள் 1 முதல் 7 வரை ஏதாவது ஓர் எண்ணும் இருக்கும். 1988இல் அமெரிக்காவில், மீள்சுழற்சிக்காக (பழைய பிளாஸ்ரிக்கை உருக்கிப் புதியது செய்வதற்காக) இந்த அடையாளத்தைக் கொண்டுவந்தார்கள். எண் பிளாஸ்ரிக்கின் இனத்தை மட்டும் சொல்லும். சாப்பாட்டுக்கு உகந்தது என்று சான்று தராது. அதற்கு வேறு அடையாளம் உண்டு: பக்கத்தில் ஒரு கோப்பையும் முள்ளுக்கரண்டியும் வரைந்திருக்கும்.

குசினிக்கு நீங்கள் தேட வேண்டிய எண் 5. இது பொலிபுரொப்பிலீன் (சூடு ஓரளவு தாங்கும், பால்நிறமான, வளைந்துகொடுக்கும் பிளாஸ்ரிக்). இது உருகுவதற்கு ஏறக்குறைய 160 பாகை வெப்பம் வேண்டும். 2ஆம் எண் எண்ணெய்க் கான்களிலும் தண்ணீர்க் கான்களிலும் இருக்கும். உலர்ந்த சாமானுக்கும் தண்ணீருக்கும் நல்லது.

1ஆம் எண் சோடாப் போத்தலும் தண்ணீர்ப் போத்தலும். இது 70 பாகையை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். கொதிநீர் ஊற்றினால் போத்தல் சுருங்கிக் கோணுவதைக் கண்டிருப்பீர்கள். 6ஆம் எண் யோகட் கப். ஒருமுறைப் பாவனைக்கு மட்டும். 3ஆம் எண்ணைச் சாப்பாட்டுக்கு எடுக்க வேண்டாம்.

7ஆம் எண் மற்றப் பலவகைகளுக்கும் பொதுவான எண். அவற்றில் ஒன்றான பொலிகாபனேற் (கண்ணாடி போன்ற கடினமான பிளாஸ்ரிக்) பிஸ்பினோல் ஏ என்ற இரசாயனத்தைக் கொண்டு செய்யப்படுவது. உடலின் ஓமோன்களைக் குழப்பக்கூடியது என்பதால், உணவைத் தொடும் பொருட்களில் அதைத் தடைசெய்ய ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசெம்பரில் முடிவெடுத்தது. அடியில் எண்ணே இல்லாவிட்டால்? சாப்பாட்டுக்கு வாங்காதீர்கள். துணி ஊசி, ஆணி, பற்றரி போட்டுவைக்க அது போதும்.

சுடச்சுடப் போடலாமா? 5ஆம் எண் பெட்டியாக இருந்தாலும் வேண்டாம் என்பதே என் பதில். பெட்டி உருகாது என்பது உண்மைதான். ஆனால் பிளாஸ்ரிக்கில் இருக்கும் சிறுசிறு சேர்மானங்கள் சூட்டிலும் எண்ணெயிலும் புளிப்பிலும் கூடுதலாகக் கசியும். தேங்காய்ப்பாலும் எண்ணெயும் புளியும் சேர்ந்த நமது குழம்பில் இந்த மூன்றும் ஒன்றாகவே இருக்கின்றன.

அப்படியானால் ஆறும்வரை மூடிவைத்துக் காத்திருப்பதா? அதிலும் கவனம் வேண்டும். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சோற்றில் பசிலஸ் சீரியஸ் (கொதித்தாலும் வித்துக்கள் சாகாத ஒரு பக்ரீரியா) உண்டு. மதியம் வடித்த சோற்றைப் பானையிலேயே இரவுவரை வைத்தால் அதற்கு நல்ல வாய்ப்பு. சோற்றை அகன்ற தட்டில் பரப்பி ஆவி போகவிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் சிறிய, ஆழம் குறைந்த பெட்டிகளில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். பெரிய பெட்டி நிறையப் போட்டால் நடுப்பகுதி குளிர நெடுநேரம் எடுக்கும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அந்த நேரத்துக்குத் தேவையான அளவே சமைப்பதுதான் வழி.

பள்ளிக்கூடத்துக்கும் வயலுக்கும் கட்டிக்கொண்டு போகும் சாப்பாட்டுக்கு எவர்சில்வர் பெட்டியே மேல். இடியப்பத்தைச் சுடச்சுட லஞ்ச் சீற்றில் சுற்றும் பழக்கம் நமக்கு நெடுநாள் இருந்தது. 2017 செப்ரெம்பர் 1 முதல் பொலித்தீன் லஞ்ச் சீற்றும் றிஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் இலங்கையில் தடை. 2023 ஒக்டோபரில் வந்த தடைப் பட்டியலில் பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டும் சேர்ந்தது. உங்கள் வீட்டில் பிரம்புத் தட்டு இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். அதில் சூட்டுக்குக் கசிய எதுவும் இல்லை.

இனி, பலரும் கேட்கும் கேள்வி: இறுக்கி மூடித்தானே வைத்தேன், வண்டு எங்கிருந்து வந்தது? வெளியிலிருந்து வரவில்லை. அரிசி வண்டு தானியத்தைத் துளைத்து அதற்குள்ளேயே முட்டையிடும். நீங்கள் பெட்டியை மூடும்போதே முட்டை உள்ளே இருக்கிறது. சில கிழமையில் வண்டாகி வெளியே வரும். ஆகவே மூடி எவ்வளவு இறுக்கமானது என்பதைவிட, உள்ளே போகும் சாமான் எவ்வளவு காய்ந்தது, எவ்வளவு சுத்தமானது என்பதே முக்கியம்.

நெல்லில் ஈரம் 14 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது களஞ்சியக் கணக்கு. வீட்டில் கருவி இல்லாவிட்டால் ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பாருங்கள். சத்தத்தோடு முறிந்தால் காய்ந்திருக்கிறது. நசிந்தால் இன்னும் வெயில் வேண்டும். குத்திய அரிசியை உச்சி வெயிலில் போடாதீர்கள், வெடித்துக் குறுணலாகிவிடும். காலை வெயிலில் பாயில் பரப்பி, நிழலில் ஆறவிட்டு, பிறகு பெட்டியில் கொட்டுங்கள். வேப்பிலையோ செத்தலோ போடுவதென்றால் நன்றாக உலர்ந்ததைப் போடுங்கள். பச்சை இலை ஈரத்தைத்தான் கொண்டுவரும்.

வறுத்த மாவில் இன்னொரு சிக்கல். வறுக்கும் சூட்டில் முட்டைகள் செத்துவிடும், அது நல்லது. ஆனால் இளஞ்சூட்டோடு பெட்டியில் கொட்டி மூடிவிட்டு, கால்மணி நேரம் கழித்து மூடியைத் திருப்பிப் பாருங்கள்: உட்புறம் முழுக்கப் பொடிப்பொடியாக நீர்த்துளிகள் நிற்கும். அந்தத் துளி மாவில் விழுந்த இடம் கட்டிபடும். பத்து நாளில் அங்கே பச்சையாகப் பூஞ்சணம் எழும்பும். புட்டு அவிக்கும்போது வரும் புளித்த வாசனை பெரும்பாலும் இதனால்தான். மாவைச் சுளகில் பரப்பிக் கை வைத்துப் பார்த்து, முழுதாக ஆறிய பிறகே மூடுங்கள். பத்திரிகைத் தாளில் பரப்ப வேண்டாம். அச்சு மை மாவில் ஒட்டும்.

கச்சானில் இதைவிடக் கவனம் தேவை. ஈரக் கச்சானை மூடிய பெட்டியில் வைத்தால் அஃப்ளாடொக்சின் (ஒருவகைப் பூஞ்சணம் உண்டாக்கும், ஈரலைக் கெடுக்கும் நஞ்சு) உருவாகலாம். வறுத்தாலும் அவித்தாலும் அது முழுதாகப் போகாது. பூஞ்சணம் பிடித்த கச்சானில் நல்லதைப் பொறுக்கி எடுத்துச் சாப்பிடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். கோழிக்கும் மாட்டுக்கும்கூடப் போடாதீர்கள்.

மாரி காலத்தில் இந்தச் சிக்கல்கள் எல்லாம் இரட்டிப்பாகும். ஒக்டோபரிலிருந்து தை வரை காற்றே ஈரமாக இருக்கும். ஒவ்வொருமுறை மூடி திறக்கும்போதும் அந்த ஈரம் உள்ளே போகும். ஆகவே பெரிய வாளியை நாளுக்கு மூன்று தரம் திறக்காமல், ஒரு கிழமைக்கு வேண்டியதைச் சின்னப் பெட்டிக்கு எடுத்துவிட்டு வாளியை மூடியே வையுங்கள். ஈரக்கை, ஈரச்சுண்டு இரண்டையும் உள்ளே விடாதீர்கள்.

பிளாஸ்ரிக்கில் வைக்கவே கூடாதவை எவை? சின்ன வெங்காயமும் உள்ளியும் மூச்சு விட வேண்டும். மூடிய பெட்டியில் வேர்த்து அழுகிவிடும். கடகத்திலோ வலைப்பையிலோ தொங்கவிடுங்கள். எண்ணெய் ஊற்றிய ஊறுகாய்க்குக் கண்ணாடிப் போத்தல், தயிருக்கு மண்சட்டி. உப்பு இதற்கு மாறானது. ரின்னை அரித்துவிடும், பிளாஸ்ரிக்கில் பிரச்சினை இல்லை. கருவாட்டுக்கு ஒரு பெட்டியை ஒதுக்கிவிடுங்கள். அதன் கொழுப்போடு வாசனையும் பிளாஸ்ரிக்குக்குள் ஊறிவிடும், பிறகு அதில் வேறெதையும் வைக்க முடியாது. மற்றப் பெட்டிகளில் மெல்லிய மணம் இருந்தால் அப்பச்சோடாவைத் தண்ணீரில் கலந்து ஓர் இரவு ஊறவிட்டுக் கழுவுங்கள். மஞ்சள் கறைக்கு வெயில் போதும். கழுவிய பெட்டியை முற்றத்தில் கவிழ்க்காமல் மல்லாக்க வைத்தால், மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் தானே மங்கும்.

கடையில் என்ன பார்ப்பது? மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். மருந்து மணம் அடித்தால் வைத்துவிட்டு வாருங்கள். அடர்கறுப்பும் கலங்கிய நிறமும் கொண்டவை பெரும்பாலும் பழைய பிளாஸ்ரிக்கை உருக்கிச் செய்தவை. உள்ளே இருப்பது தெரியும்படியான, கை நுழைந்து கழுவக்கூடிய அகன்ற வாய் உள்ளதை எடுங்கள். தட்டில் இடம் குறைவென்றால் சதுரப் பெட்டி நல்லது. வட்டப் பெட்டிகளுக்கு இடையில் இடம் வீணாகும். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் நிரப்பி மூடிக் கவிழ்த்துப் பாருங்கள். ஒழுகினால் எறும்பும் போகும்.

ஒரே வகையில் இரண்டே அளவு வாங்குங்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். பத்து வகைப் பெட்டிக்குப் பத்து வகை மூடி இருந்தால், மூடி தேடியே நேரம் போகும். கடைசியில் பொருந்தாத மூடியை அழுத்திவைப்போம்.

காசு இல்லையே, பழைய போத்தலில் போட்டால் என்ன? தாராளமாகப் போடலாம். நன்றாகக் கழுவி உலர்த்திய தண்ணீர்ப் போத்தலில் உழுந்தும் பயறும் கெடாமல் இருக்கும். சூடானது எதையும் ஊற்றாதீர்கள், வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள், அவ்வளவுதான். ஐஸ்கிறீம் பெட்டியும் மாஜரின் டப்பாவும் உலர்ந்த சாமானுக்கு ஆகும். பெயின்ற் வாளி ஆகாது. எத்தனை தரம் கழுவினாலும் அது சாப்பாட்டுக்குச் செய்யப்பட்டதல்ல.

அடுக்கும்போது, விறகடுப்புக்கு நேர் மேலே பெட்டி வைக்காதீர்கள். சூட்டில் பிளாஸ்ரிக் நொறுங்கத் தொடங்கும், தூளின் நிறமும் மணமும் போகும். அரிசி வாளியை நிலத்தில் வைக்காமல் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியில் பல வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். மாரிக்கு முன் மாவையும் பருப்பையும் மேல்தட்டுக்கு ஏற்றிவிடுங்கள். வெள்ளத்தண்ணீர் பட்ட பெட்டிக்குள் இருந்ததை, மூடி இறுக்கமாக இருந்தாலும், நம்பிச் சமைக்காதீர்கள். பெட்டியில் ஒரு துண்டுத் தாள் ஒட்டிப் போட்ட திகதியை எழுதுங்கள். பழையது முன்னுக்கு, புதியது பின்னுக்கு. எலி பிளாஸ்ரிக்கைக் கடித்துவிடும் வீடென்றால் அரிசிக்கு இன்னும் தகர ரின்தான் நல்லது.

வெடித்த, வெளுத்த, உள்ளே கீறல் விழுந்த பெட்டியை என்ன செய்வது? கீறலுக்குள் கிருமி தங்கும், ஆகவே சாப்பாட்டிலிருந்து விலக்குங்கள். விதையோ ஆணியோ போடலாம். ஆனால் அடுப்பு மூட்டவும் குப்பையோடு கொளுத்தவும் வேண்டாம். அந்தப் புகை அடுப்படியில் நிற்பவரின் நெஞ்சுக்குள் போகிறது. பிளாஸ்ரிக்கைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 முதல் சட்டப்படியும் குற்றம்.

கடைசியாகச் சொல்வதைத்தான் நீங்கள் முதலில் செய்ய வேண்டும். இது வயல் ஊர். வீட்டுக்கு வீடு களைநாசினிப் போத்தலும் பூச்சிமருந்துக் கானும் உரப்பையும் உண்டு. வெறுமையான கான் பார்க்க உறுதியாக இருக்கும், மூடியும் இறுக்கமாக இருக்கும், எறிய மனம் வராது. அதைக் கழுவி மண்ணெண்ணெய்க்கு வைத்து, பிறகு தண்ணீருக்கு, பிறகு தேங்காயெண்ணெய்க்கு என்று அது மெல்ல மெல்லக் குசினிக்கு வந்துவிடும். பிளாஸ்ரிக் மருந்தை உறிஞ்சி வைத்திருக்கும், கழுவினால் போகாது. சவர்க்காரமும் சுடுதண்ணீரும் உதவாது. யூரியாப் பையில் அரிசி கட்டுவதும் இதே ஆபத்துதான்.

இதைவிடப் பயங்கரம், சோடாப் போத்தலில் மருந்தை ஊற்றி வைப்பது. பிள்ளைக்கு அது சோடாதான். மருந்து அதன் சொந்தப் போத்தலிலேயே, பெயர் ஒட்டியபடி, குசினிக்கு வெளியே, பூட்டிய இடத்தில் இருக்கட்டும். வெறுமையானதை மூன்று தரம் அலசி, அலசிய தண்ணீரைத் தெளிகருவியிலேயே ஊற்றி வயலுக்கு அடித்துவிட்டு, போத்தலின் அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள். ஓட்டை போட்ட போத்தலை யாரும் குசினிக்கு எடுத்துவர மாட்டார்கள்.

இன்று பின்னேரம் உங்கள் குசினியில் இருக்கும் கான்களையும் வாளிகளையும் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். எங்கிருந்து வந்தது என்று வீட்டில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாத ஒன்று இருந்தால், அதற்குள் இருப்பதையும் சேர்த்து அப்புறப்படுத்திவிடுங்கள்.