சற்று மெதுவாகச் சொல்லுங்கள்

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கும் ஒரு துணிவு வேண்டும். அந்தத் துணிவு பணிவோடு சேரும்போது அது ஒரு புண்ணியமாகவே ஆகிவிடுகிறது. மொழி தெரியாத இடத்தில் வேலை செய்து பிழைக்கும் ஒருவனுக்கு இவ்விரண்டும் சோற்றைப் போலவும் தண்ணீரைப் போலவும் இன்றியமையாதவை.

வானூர் வட்டாரத்துக் குடும்பங்களுக்கு இது தொலைவிலுள்ள செய்தி அன்று. நம் பிள்ளைகள் இராணுவத்திலும் இரயில்வேயிலும் வங்கிகளிலும் மருத்துவமனைகளிலும் வேலை பெற்று வடமாநிலங்களுக்குச் செல்கின்றனர். வடமாநிலத்து இளைஞரோ நம் பகுதியிலுள்ள கல்குவாரிகளையும் கிரஷர்களையும் கட்டட வேலைகளையும் நாடி வருகின்றனர். அங்கே போனவனும் இங்கே வந்தவனும் முதலில் கற்க வேண்டிய வாக்கியம் ஒன்றே: "சற்று மெதுவாகச் சொல்லுங்கள், எனக்குப் புரியவில்லை."

தலையாட்டுவதால் வரும் கேடு

1968ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் இருமொழிக் கொள்கை நடைமுறையில் இருந்து வருகிறது. ஆகவே அரசுப் பள்ளியில் படித்த நம் பிள்ளைக்கு இந்தி தெரியாதிருப்பது குற்றமுமன்று, குறையுமன்று. மொழிக் கொள்கை பற்றிய வாதங்களுள் நாம் இங்கே புகவேண்டியதில்லை. நாம் கவலைப்பட வேண்டியது வேறொன்றைப் பற்றி. மேலதிகாரி விரைவாக இந்தியில் ஏதோ சொல்கிறார். பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. சுற்றியிருப்போர் நகைப்பார்களோ என்னும் அச்சத்தால் பிள்ளை "அச்சா, அச்சா" என்று தலையாட்டி விடுகிறான். அந்தத் தலையாட்டலில்தான் ஆபத்து இருக்கிறது.

இந்தியில் 'கல்' என்னும் ஒரே சொல் 'நேற்று' என்றும் பொருள்படும், 'நாளை' என்றும் பொருள்படும். நம் ஊரில் கல் என்றால் பாறை. அங்கேயோ அது காலத்தைக் குறிக்கும் சொல். நேற்றா நாளையா என்பதை வாக்கியத்தின் இறுதியில் வரும் வினைச்சொல்லைக் கொண்டே அறிய வேண்டும். விரைவாகப் பேசும்போது புதியவனின் காதில் நழுவிப் போவதும் அந்த வினைச்சொல்லே. நோயாளிக்கு ஊசி நேற்றே போடப்பட்டதா, நாளை போட வேண்டுமா? மின்சாரம் நேற்று நிறுத்தப்பட்டதா, நாளைதான் நிறுத்தப்படுமா? இத்தகைய இடங்களில் ஒரு தலையாட்டல் ஓர் உயிரின் விலையாகவும் ஆகலாம்.

தமிழிலும் இந்தியிலும் ஒன்றுபோல் ஒலிக்கும் வடசொற்களும் நம்மை ஏமாற்றக் கூடியவை. நமக்குச் 'சிட்சை' என்றால் தண்டனை. அவர்களுக்குச் 'சிக்ஷா' என்றால் கல்வி. நமக்குச் 'சம்சாரம்' மனைவி. அவர்களுக்குச் 'சன்சார்' உலகம். நமக்குப் 'பிரசங்கம்' கோவிலில் கேட்பது. அவர்களுக்குப் 'பிரசங்க்' என்பது ஒரு செய்தியின் பின்னணி. வேலையை முடிக்க இன்னும் சற்று அவகாசம் வேண்டும் என்று எண்ணி 'அவ்காஷ்' கேட்பவனை, விடுப்புக் கேட்கிறான் என்றே அதிகாரி கொள்வார். தெரிந்த சொல்தானே என்று நம்பும் இடத்திலேயே திரும்பக் கேட்பது மிகவும் தேவையாகிறது.

மரியாதையாகக் கேட்கும் வகை

எவ்வாறு கேட்பது? நம் தமிழில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகள் இருப்பது போல இந்தியிலும் தூ, தும், ஆப் என்று மூன்று படிகள் உண்டு. அறிமுகமில்லாதவரிடமும் மூத்தோரிடமும் அதிகாரியிடமும் 'ஆப்' என்பதே முறை. அதற்கேற்ப வினையின் இறுதியில் 'இயே' என்னும் ஒலி வரும். நாம் 'சொல்' என்பதைச் 'சொல்லுங்கள்' ஆக்குவது போல, 'போல்' என்பதை அவர்கள் 'போலியே' ஆக்குகிறார்கள்.

"முஜே ஹிந்தீ கம் ஆத்தீ ஹை" என்று தொடங்கலாம். எனக்கு இந்தி கொஞ்சந்தான் வரும் என்பது பொருள். மொழி 'வரும்' என்று நாம் சொல்வது போலவே அவர்களும் சொல்வதைக் கவனியுங்கள். அடுத்து, "ஜரா தீரே தீரே போலியே" என்று கேட்கலாம். 'ஜரா' என்பது நம் 'சற்று' என்பதைப் போலக் கேள்வியை மென்மையாக்கும். 'தீரே' என்று ஒருமுறை மட்டும் சொன்னால், குரலைத் தாழ்த்திப் பேசுங்கள் என்று கேட்டதாகவும் சிலர் எண்ணக் கூடும். இருமுறை சொன்னால் மெதுவாக என்பது தெளிவாகும். மீண்டும் விளக்க வேண்டுமாயின், "ஃபிர் ஸே சம்ஜாயியே" எனலாம். புரியவில்லை என்பதற்கு "சமஜ் மே நஹீ ஆயா" என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான வாக்கியம். 'கிருபயா' என்னும் சொல் கடிதத்திலும் அறிவிப்புப் பலகையிலும் மிகுதியாக வரும். பேச்சில் 'ஜரா' என்பதும், பெயரோடு சேரும் 'ஜீ' என்பதும், மலர்ந்த முகமுமே போதும்.

அத்தோடு நிறுத்திவிடலாகாது. கேட்டதை நம் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். இலக்கணம் பிழைத்தாலும் கவலையில்லை. தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அவரே திருத்துவார்.

கேட்டவர்களின் வரிசை

திருத்தூதர் பணிகள் நூலின் 8ஆம் அதிகாரத்தில் வரும் எத்தியோப்பிய அதிகாரியை நினைவுகூருங்கள். அவர் ஓர் அரசியின் கருவூலத்துக்கெல்லாம் பொறுப்பாளர். தேரில் பயணம் செய்யும் பெருமகன். எசாயா நூலை வாசித்துக்கொண்டிருந்த அவரிடம், வாசிப்பது விளங்குகிறதா என்று வழியில் வந்த பிலிப்பு கேட்டார். விளக்குவார் இல்லாமல் எப்படி விளங்கும் என்று அவர் தயங்காமல் விடை கூறினார். பிலிப்பைத் தேரில் ஏற்றித் தம் அருகே அமர்த்திக்கொண்டார். அன்றே அவருக்குத் திருமுழுக்குக் கிட்டியது. விளங்குகிறது என்று அவர் தலையாட்டியிருந்தால் தேர் போய்க்கொண்டே இருந்திருக்கும்!

நம் நாட்டுக்கு வந்த மறைப்பணியாளரும் இவ்வழியிலேயே நடந்தனர். 1542ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி, அரும்பாடுபட்டுச் செபங்களைத் தமிழில் ஆக்குவித்து, அவற்றை மனப்பாடம் செய்தார். 1844இல் புதுவையில் மரியாயின் தூய இருதயக் கன்னியர் சபையை நிறுவிய துப்புயி அடிகளார், மூசே அடிகளாரோடு சேர்ந்து தமிழ்–பிரெஞ்சு அகராதியை உருவாக்கினார். அதன் முதற்பகுதி 1855இல் வெளிவந்தது. ஒவ்வொரு சொல்லையும் தமிழரிடம் கேட்டும் மீண்டும் கேட்டும் அல்லாமல் இத்தகைய நூல் எங்ஙனம் பிறந்திருக்கும்? பொறுமையோடு திரும்பச் சொன்ன நம் முன்னோருக்கும் அதில் பங்குண்டு.

நம் வாசலில் நிற்பவர்

இப்போது முறை நம்முடையது. குவாரியிலும் கட்டடத்திலும் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளி நம்மிடம் வழி கேட்கிறான். கடையில் விலை கேட்கிறான். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறான். நாமோ அவனுக்குப் புரியவில்லை என்றால் குரலை உயர்த்துகிறோம். அவன் செவிடன் அல்லன். உரத்துச் சொல்வது வேறு, மெதுவாகச் சொல்வது வேறு.

அவர்களுள் பலருக்கு இந்தியும் தாய்மொழியன்று. பீகாரிலிருந்து வந்தவர் வீட்டில் போஜ்புரியோ மைதிலியோ பேசுவார். ஒடிசாக்காரர் ஒடியா பேசுவார். ஜார்க்கண்டின் பழங்குடியினர் சந்தாலி, முண்டாரி, குருக் முதலியவற்றைப் பேசுவர். நம் பிள்ளையைப் போலவே இவர்களும் இந்தியைக் கற்றுத் தேர்ந்தவர்களே. ஜார்க்கண்டில் 1885இல் லீவன்ஸ் அடிகளார் பழங்குடி மக்களிடையே பணியைத் தொடங்கியதன் பயனாக அங்கே கத்தோலிக்கர் மிகுதியாக உள்ளனர். ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் ஒதுங்கி நிற்கும் அந்த இளைஞன் நம் சொந்தச் சகோதரனாகவே இருக்கலாம்.

2023 மார்ச்சு மாதத்தில், பீகார்த் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. அவை பொய் எனக் காவல்துறை அறிவித்தது. பீகாரிலிருந்து ஒரு குழு நேரில் வந்து விசாரித்தது. அதற்குள் எத்தனை தாய்மார் அங்கே உறக்கமிழந்திருப்பார்கள்! பேச்சு இல்லாத இடத்தில் வதந்தி குடியேறுகிறது. அடுத்த வீட்டாரோடு நான்கு சொற்கள் பேசிப் பழகிய தொழிலாளி, எந்தக் காணொளியையும் அத்தனை எளிதில் நம்பமாட்டான்.

ஆகவே பெற்றோரே, வடக்கே செல்லும் பிள்ளையின் பெட்டியில் ஊறுகாயும் செபமாலையும் வைக்கும்போது, மேற்சொன்ன நான்கு வாக்கியங்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். புரியாதபோது கேட்பது தாழ்வன்று என்று சொல்லி அனுப்புங்கள். நம் தெருவுக்கு வந்தவரை 'ஏய், இந்திக்காரா' என்று கூவாமல் பெயரைக் கேட்டு அழையுங்கள். 'வாங்க, உட்காருங்க' என்று மெதுவாகச் சொல்லுங்கள். புரியாவிட்டால் இன்னொரு முறை சொல்லுங்கள். நம் பிள்ளைக்கு எங்கோ ஒரு முகமறியாத மனிதர் காட்ட வேண்டுமென்று நாம் மன்றாடும் அதே பொறுமையை, இங்கே நாம் இவர்களுக்குக் காட்டுவோமாக.