இரயிலுக்கு ஏது ஸ்டியரிங்?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் இயற்பியல் மாணவி)

உத்திரமேரூர் என்றதும் கற்றோர் நினைவுக்கு வருவது குடவோலை. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டைக் காண எங்கெங்கிருந்தோ வருகின்றனர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே தேர்தல் கண்ட ஊர் என்று நாமும் பெருமை பேசுகிறோம். ஆனால் அந்தக் கல்வெட்டைக் காண வருவோர் எவரும் நம் ஊரில் இரயிலை விட்டு இறங்க இயலாது. வாலாஜாபாத், காஞ்சிபுரம், செங்கற்பட்டு, மதுராந்தகம் என்று நம்மைச் சுற்றி நிலையங்கள் உண்டு; எதற்குச் செல்வதானாலும் முதலில் பேருந்து ஏற வேண்டும். இதனால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இரயில் என்பது படத்தில் பார்ப்பதும், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடி விளையாடுவதுமாகவே நின்று விடுகிறது. நான் முதன்முதலாக இரயிலில் ஏறியபோது எனக்கு வயது பதினேழு.

என் அக்காள் மகனுக்கு வயது நான்கரை. அவனுக்கு இரயில் பித்து. தீப்பெட்டி, செங்கல், சோப்புப் பெட்டி எது கிடைத்தாலும் வரிசையாக அடுக்கிக் ‘கூ... சிக்கு புக்கு’ என்பான். இத்தனைக்கும் அவன் நீராவி எஞ்சினின் ஓசையைக் கேட்டவன் அல்லன். நம் நாட்டு அகலப் பாதையில் நீராவி வண்டிகளின் வழக்கமான ஓட்டம் 1995-லேயே முடிந்து விட்டது. எஞ்சின் போய்விட்டது, ஓசை மட்டும் பிள்ளைகளின் வாயில் தங்கியிருக்கிறது. அந்த ஓசைக்கு ஒரு கணக்கும் உண்டு. பொதுவான நீராவி எஞ்சினில் பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு உருளைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் தண்டின் இருபுறமும் நீராவி மாறி மாறித் தள்ளும். ஆகவே சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்குள் நான்கு முறை நீராவி புகைபோக்கி வழியே வெளியேறும். ‘சிக்கு-புக்கு-சிக்கு-புக்கு’ என்று நான்கு எண்ணினால் சக்கரம் ஒரு சுற்று. குழந்தைகள் அறியாமலே சரியாகத்தான் சொல்கிறார்கள்.

சென்ற கோடை விடுமுறையில் அம்மா, அக்காள், அவன், நான் ஆகிய நால்வரும் வண்டலூர் உயிரியல் பூங்காவிற்குச் சென்றோம். எங்கள் வீட்டில் வெளியே கிளம்புவது என்றால் கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி ஆகிய மூன்றுக்குத்தான். ‘பார்த்துவிட்டு வருவதற்காக’ மட்டும் போவது என்பது எங்களுக்குப் புதிது. அம்மாவுக்கு இரயிலும் புதிது. செங்கற்பட்டு வரை பேருந்து. அங்கிருந்து மின்சார வண்டி. ஐந்து வயது நிறையாத பிள்ளைக்குச் சீட்டு வேண்டாம் என்று அறிந்ததும் அம்மாவின் முகம் தெளிந்தது. பெரியவர்களுக்கும் பேருந்தை விடக் குறைந்த கட்டணமே.

வண்டி செங்கற்பட்டை விட்டதும் கொளவாய் ஏரி ஓரமாகச் சென்றது. பொடியன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். பரனூர், சிங்கப்பெருமாள் கோயில் என்று ஒவ்வொரு நிலையம் வரும்போதும் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான். மறைமலை நகருக்கு முன்பாகவே கேள்விகள் தொடங்கிவிட்டன. இக்கட்டுரை பெரும்பாலும் அந்தக் கேள்விகளைப் பற்றியதே.

“சித்தி, ரயிலுக்கு யாரு ஸ்டேரிங் புடிக்கிறாங்க?”

பேருந்தில் முன் இருக்கையில் அமர்ந்து ஓட்டுநரையே பார்த்து வந்த பிள்ளைக்கு இது நியாயமான ஐயம். ஸ்டியரிங் கிடையாது என்பதே விடை. ஓட்டுநர் கையில் இருப்பது வேகமும் பிரேக்கும்தான். எந்தத் தடத்தில் செல்வது என்பதை நிலையத்தினர் தண்டவாள முனைகளை நகர்த்தி முடிவு செய்கின்றனர். சரி, வளைவில் வண்டியைத் திருப்புவது யார்? நம்மில் பலர், சக்கரத்தின் உட்புறம் உள்ள விளிம்பு தண்டவாளத்தில் இடித்துத் திருப்புகிறது என்றே எண்ணியிருப்போம். விளிம்பு காவலுக்கு நிற்பது மட்டுமே. உண்மையில் திருப்புவது சக்கரத்தின் சரிவு.

இரயில் சக்கரத்தின் ஓடுபரப்பு தட்டையானது அன்று. கூம்பின் ஒரு துண்டு போன்றது. உட்புறம் சற்றுப் பருமனாகவும் வெளிப்புறம் சற்று மெலிந்தும் இருக்கும். இச்சரிவை 20-க்கு 1 என்ற அளவில் அமைப்பது வழக்கம். இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டவை. ஒன்று ஒரு சுற்று சுற்றினால் மற்றதும் ஒரு சுற்றுத்தான் சுற்ற முடியும். வளைவில் வெளித் தண்டவாளம் நீளம் அதிகம், உள் தண்டவாளம் குறைவு. வண்டி நேரே செல்ல முயன்று வெளிப்பக்கம் சிறிது ஒதுங்குகிறது. ஒதுங்கியதும் வெளிச் சக்கரம் தன் பருத்த பகுதியிலும், உள் சக்கரம் தன் மெலிந்த பகுதியிலும் உருள்கின்றன. பருத்தது ஒரு சுற்றில் அதிக தூரம் செல்லும். மெலிந்தது குறைந்த தூரம் செல்லும். வண்டி தானே திரும்பிவிடுகிறது. நேர்ப் பாதையில் ஒரு பக்கம் ஒதுங்கினாலும் இதே முறையில் நடுவுக்கு வந்து விடும்.

இதை நான்கரை வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? வீடு திரும்பிய மறுநாள், டீக்கடைக் காகிதக் குவளைகள் நான்கு வாங்கி வந்தேன். இரண்டை வாயோடு வாய் வைத்து ஒட்டினேன். நடுவில் பருத்து, முனைகளில் மெலிந்த ஒரு சக்கரம் கிடைத்தது. மற்ற இரண்டை அடியோடு அடி வைத்து ஒட்டினேன். திண்ணையில் இரண்டு மூங்கில் கழிகளை இணையாகச் சற்றுச் சாய்வாக வைத்து உருட்டினோம். முதலாவது, கோணலாக வைத்தாலும் அசைந்து அசைந்து நடுவுக்கு வந்து கடைசிவரை ஓடியது. இரண்டாவது ஒரு முழம் போவதற்குள் கீழே விழுந்தது. அவன் இருபது முறைக்கு மேல் உருட்டிப் பார்த்தான். வகுப்பில் நான் வரைந்து வைத்த படத்தை விட இந்தக் காகிதக் குவளையில்தான் எனக்கே விளங்கியது. முதலாண்டுத் தோழியர் செய்து பார்க்கலாம். செலவு பத்து ரூபாய்க்குள்.

அடுத்த கேள்வி எல்லாப் பிள்ளைகளும் கேட்பது: “ஏன் தடக்கு தடக்குனு சொல்லுது?” வெயிலில் இரும்பு நீளும் என்பதைப் பள்ளியிலேயே படித்தோம். எஃகின் நீள்விரிவு எண் பாகைக்கு ஏறத்தாழ 0.000012. பழைய முறையில் 13 மீட்டர் நீளமுள்ள தண்டவாளங்களை அடுத்தடுத்து வைத்துத் தகடு கொண்டு பூட்டினர். விடியற்காலைக்கும் கோடை நண்பகலுக்கும் தண்டவாளத்தின் வெப்பம் 40 பாகை வேறுபடுமானால் ஒவ்வொன்றும் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடம் விட்ட இடைவெளியில் சக்கரம் தட்டும் ஓசையே தடக் தடக். இன்று முக்கியப் பாதைகளில் தண்டவாளங்களை ஒட்டவைத்து நெடுந்தூரத்திற்கு ஒன்றாக்கி விட்டதால் ஓசை வெகுவாகக் குறைந்து, தடம் பிரியும் இடங்களில்தான் நன்றாகக் கேட்கிறது. ஒட்டிவிட்டால் நீளுவதற்கு எங்கே போகும் என்று கேட்கலாம். நீள விடுவதில்லை! கான்கிரீட் கட்டைகளும் அவற்றைச் சுற்றிய ஜல்லியும் இறுகப் பிடித்து நிறுத்துகின்றன. விரிய முடியாத தண்டவாளத்துக்குள் அழுத்தம் ஏறி நிற்கிறது.

ஜல்லி என்றதும் அன்றைய பயணத்தின் மிகச் சிறந்த கேள்வியைக் கூற வேண்டும். அதைக் கேட்டவன் பொடியன் அல்லன், அம்மா. என் அம்மா சாலை வேலையில் ஜல்லிக் கூடை சுமந்தவர். வண்டி கூடுவாஞ்சேரியில் நின்றபோது, பக்கத்துத் தடத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: “ரோட்டுக்கு ஜல்லி கொட்னா மேல தார் ஊத்துவோம். இங்க ஏன் அப்படியே வுட்டுட்டாங்க?”

நான் அறிந்ததைச் சொன்னேன். வண்டியின் பாரம் சக்கரத்திலிருந்து தண்டவாளத்துக்கும், அதிலிருந்து கட்டைக்கும், கட்டையிலிருந்து ஜல்லிக்கும் இறங்கி, கற்களுக்கிடையே பரவித் தரையைச் சேரும்போது குறைந்துவிடுகிறது. மழைநீர் தேங்காமல் வடிந்துவிடும். அதிர்வை ஓரளவு வாங்கிக்கொள்ளும். பாதை தாழ்ந்தால் ஜல்லியை மீண்டும் திணித்துச் சரி செய்யலாம். தார் ஊற்றி இறுக்கிவிட்டால் அது முடியாது. இவ்வளவு சொல்லி, “ஆற்றுக் கூழாங்கல்லைப் போடாமல் உடைத்த கல்லையே ஏன் போடுகிறார்கள் தெரியுமா?” என்று ஆசிரியர் போல் கேட்டேன். “உருண்ட கல்லு ஓடிப்புடும். முனை இருந்தாத்தானே ஒண்ண ஒண்ணு கவ்விக்கும்? கூடைல அள்ளும்போதே தெரியுமே” என்றார். நூலில் ‘கற்களின் உட்பிணைப்பு’ என்று படித்ததை அம்மா தலையில் சுமந்து அறிந்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ‘என்ன படிக்கிறே’ என்று அம்மா கேட்கும்போதெல்லாம் ‘இயற்பியல்’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடுவதே என் வழக்கம். அன்றுதான் நாங்கள் இருவரும் என் பாடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டோம்.

வண்டலூரில் வெள்ளைப் புலியும் நீர்யானையும் இருந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஏனெனில் “எப்ப ரயிலுக்குப் போவோம்?” என்பதே பொடியனின் பேச்சாக இருந்தது.

திரும்பும் வழியில், நிலையத்தில் நிற்காமல் ஒரு விரைவு வண்டி ஊதிக்கொண்டே கடந்தது. அவன் காதைப் பொத்திக்கொண்டு, “கிட்ட வர்றப்ப கீச்சுனு கத்துச்சு, போறப்ப அழுதுகிட்டே போச்சு” என்றான். டாப்ளர் விளைவுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை. வண்டியின் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 25 மீட்டர் என்று கொள்வோம். ஒலியின் வேகம் வினாடிக்கு 340 மீட்டர். ஊதலின் அதிர்வெண் 400 எனில், நெருங்கும்போது நம் காதில் 432 ஆகவும், விலகும்போது 373 ஆகவும் கேட்கும். பாட்டுக் கற்றவர் காதுக்கு இது ஒரு சுரத்துக்கும் கூடுதலான இறக்கம். இக்கருத்தை முதன்முதல் சோதித்ததும் இரயிலில்தான். 1845-இல் ஹாலந்து நாட்டில் பாய்ஸ் பாலட் என்ற அறிஞர் ஓடும் வண்டியில் எக்காளம் ஊதுவோரை ஏற்றி, இசையறிந்தவர்களைப் பாதையோரம் நிறுத்திக் கேட்கச் செய்தார். அன்று பூமியில் அவ்வளவு வேகமாகச் செல்லக்கூடியது வேறு எது?

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரயில் பித்துள்ள பிள்ளையைப் பாதையோரம் நிறுத்தி வேடிக்கை காட்டும் வழக்கம் கிராமங்களில் உண்டு. எஃகின் மேல் எஃகு உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் அத்தனை பாரத்தை ஓர் எஞ்சின் இழுக்க முடிகிறது. அதனாலேயே நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடிவதில்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியின் வேகம் வினாடிக்கு வினாடி அரை மீட்டர் வீதம் குறைவதாகக் கணக்கிட்டுப் பாருங்கள். நிற்பதற்கு முன் 770 மீட்டர் ஓடியிருக்கும். ஓட்டுநர் பிள்ளையைக் கண்டாலும் பயனில்லை. நடைமேடையில், மஞ்சள் கோட்டுக்குப் பின்னால், பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதே முறை. நடைமேடைச் சீட்டு வாங்கினால் இரண்டு மணி நேரம் நின்று பார்க்கலாம்.

குழந்தைகளுக்கு இரயில் மீது ஏன் இத்தனை ஆசை? பெரியது, ஆனால் திடீரென்று மேலே பாய்வதில்லை. தன் கோட்டை விட்டு விலகாது. சொன்ன இடத்தில் நிற்கும். பெரியவர்களின் உலகில் அவர்களுக்குப் புரிகிற ஒழுங்குடன் நடப்பது இது ஒன்றுதானோ என்னவோ. இது என் எண்ணம் மட்டுமே. சத்யஜித் ராய் 1955-இல் வெளியிட்ட ‘பதேர் பாஞ்சாலி’ படத்தில் அக்காளும் தம்பியும் நாணற்பூக் காட்டின் வழியே ஓடி இரயிலைக் காண்பர். இங்கிலாந்தில் அவ்ட்ரி என்ற பாதிரியார், தட்டம்மை கண்டு படுத்திருந்த தம் மகனுக்குச் சொன்ன எஞ்சின் கதைகள் 1945 முதல் நூல்களாகி உலகமெங்கும் பரவின. வங்கத்துப் பிள்ளைக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைக்கும் நம் திண்ணைப் பிள்ளைக்கும் இதில் வேறுபாடு இல்லை.

அடுத்து எங்கே என்று இப்போதே நச்சரிக்கிறான். சென்னையில் இரயில் பெட்டித் தொழிற்சாலையை ஒட்டி 2002-இல் அமைந்த இரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய எஞ்சின்களைக் கிட்ட நின்று பார்க்கலாம், சிறுவர் இரயிலும் உண்டு. அந்தத் தொழிற்சாலையே 1955-இல் தொடங்கியது. வந்தே பாரத் வண்டி முதலில் உருவானதும் அங்குதான். எனக்கோ மேட்டுப்பாளையம் செல்ல ஆசை. குன்னூர் வரை ஏறும் அந்த மலை இரயிலில் இன்றும் நீராவி எஞ்சின் உண்டு. பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி உயரும் சரிவில் வழுக்காதிருக்க, தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறுகிறது. பொடியன் முதன்முறையாக உண்மையான ‘சிக்கு புக்கு’வைக் கேட்பான். அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த மலையில் ஜல்லி எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டுமாம்.